ஒத்த கிட்னியும் ஒரு சின்னச் சொம்பும்

நகரி
2-12-1959

டேய் சிட்டிபாபு,

நீ காலேஜ விட்டுட்டன்னு ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன்ல வெத்தல விக்கறவன் சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா? கூடப் பொறந்த அக்கான்னு ஒருத்தி இங்க உயிரோடதானே இருக்கேன்? இன்னும் கொஞ்ச மாசம் பல்லக் கடிச்சிக்கினு உக்காந்திருந்தா இன்டர் பாஸு. இப்ப யுனிவர்சிட்டியில எலிக்குத் தீனி போடற வேலையாம். நம்ம பக்கம் எலியத் தொரத்தறதுக்குத்தான்டா கூலி குடுப்பாங்க.

திட்டறதுக்கு மட்டும் எழுதல. நான் முழுகாம இருக்கேன். கல்யாணமாயி அஞ்சு வருசத்துக்கப்பால. எங்க அத்த வெல்லம் வாங்கியாந்து தெருவுக்கே குடுத்துட்டாங்க. உங்க மாமா கெணத்து மேட்டுல நின்னு தனியா சிரிச்சிக்கினு இருக்காரு.

எனக்குத்தான் சிரிப்பு வரல. ஏன்னு உனக்குத் தெரியும். பதினாலு வயசுல மெட்ராசு ஆஸ்பத்திரியில கல்லோட சேத்து ஒரு கிட்னிய எடுத்துட்டாங்க. இந்த வீட்ல அது யாருக்கும் தெரியாது. இடுப்புல இருக்கற தழும்பு முனிசாமி வீட்டு மாடு முட்டினதுன்னு நைனா சொன்ன கததான் இன்னிக்கும் ஓடிக்கினு இருக்குது. இருக்கற ஒண்ணுக்கு வேல குடுக்கக்கூடாதுன்னு அம்மா வச்ச சின்னச் சொம்புதான் எனக்கு இன்னும் அளவு. காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. அது திருத்தணி முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லி சீரோட சேத்து அனுப்பிச்சாங்கல்ல, அத்தயும் நம்பிட்டாங்க.

இருக்கற ஒண்ணு எனக்கே பத்துமான்னு இருக்கேன். ரெண்டு உசுருக்கு எங்கடா பத்தும்? நானும் போயி கொழந்தயும் போச்சின்னா? பக்கத்து ஊருல மருந்து குடுக்கறவ ஒருத்தி இருக்கா. இப்பவே போனா கலச்சிடலாம்னு சொல்றாங்க. போலாமா வேணாமான்னு நான் யாரக் கேக்கறது? சயின்ஸுதானே படிச்ச. அந்தப் படிப்பு பாதியாவது ஒதவுதா பாக்கலாம்.

உங்க மாமாவுக்குத் தெலுங்குதான் படிக்க வரும். அந்தத் தைரியத்துலதான் இவ்ளோ எழுதறேன்.

சுலோசனா


திருப்பதி
5-12-59

அக்கா,

அந்த மருந்துக்காரிகிட்ட போவாத. மொதல்ல இது. மிச்சத்த அப்பால படி.

காலேஜ ஏன் விட்டேன்னு கேக்கற. வாத்தியாரு இங்கிலீஷ்ல சொல்றாரு, பசங்க தெலுங்குல சிரிக்கறாங்க, நான் தமிழ்ல தூங்கறேன். போதும்.

எலின்னு கேவலமா பேசாத. உன் விசயமே இங்க எலிகிட்டதான் கீது. லேப்ல வெங்கடராகவன்னு ஒருத்தன் ரிசர்ச் பண்றான். என்ன விட நாலு வயசு பெரியவன். கோயில் ஐயங்கார் வீட்டுப் பிள்ள. அவங்கப்பா மலை மேல பெருமாளுக்குக் கைங்கர்யம், இவன் கீழ எலிய அறுக்கறான். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கொழாயடியில முழுசா குளிச்சிட்டு, நெத்தியில நாமத்தப் போட்டுக்கினுதான் போவான்.

அவன் என்னா பண்றான்னா, எலிய மயக்கி ஒரு கிட்னிய எடுத்துட்டு தையல் போட்டுடறான். நாந்தான் கால புடிச்சிக்கறவன். மறுநாளே அந்த எலி எழுந்து கடலைய கொறிக்குது. ஒரு மாசம் கழிச்சி அறுத்துப் பாத்தா மிச்சம் இருந்த ஒண்ணு பெருத்துக் கீது. பக்கத்துல சாதா எலியோடத வச்சா அண்ணன் தம்பி மாதிரி கீது.

மொத தடவ பாத்தப்ப எனக்கு உன் நெனப்புதான் வந்துச்சி. உன்து பன்னெண்டு வருசமா பெருத்துக்கினு கீது அக்கா. யாருக்கும் சொல்லாம, ஒரு நாள் லீவு போடாம. அதப் போயி பத்தாதுங்கற.

சிட்டி


நகரி
14-12-59

டேய்,

என்ன எலியோட சேத்துட்ட. பரவால்ல. உன் கடிதாசிய படிச்சதுல இருந்து இடுப்புல கை வச்சி வச்சிப் பாத்துக்கினு இருக்கேன், பெருத்திருக்குதான்னு. அத்த, "இன்னாமே, வலிக்குதா?"ன்னு எண்ணெய் கிண்ணத்தோட வந்துட்டாங்க.

மருந்துக்காரிகிட்ட போவல. ஆனா போவ மாட்டேன்னும் இன்னும் சொல்லல.

எனக்கு ஒரு விசயம் புரியல. கிட்னின்னா சல்லட மாதிரிதானே? சல்லட பெருசாச்சின்னா கூட ஒழுகும்தானே? உப்பு, சக்கர, துன்ன சோத்தோட சத்து எல்லாம் அதோட போயிடாதா? பிள்ள வேற வந்தா ரத்தம் கூடும்னு மருத்துவச்சி சொல்றா. அப்ப இன்னும் கூட ஒழுகும். நான் சக்கையா நிப்பேன். உன் எலிங்களுக்கு மாமியா வீடு கெடையாது, அதுங்க பெருத்தாலும் ஒழுகினாலும் கேக்க ஆளில்ல.

ஒழுங்கா பதில் எழுது. வேடிக்க வேணாம்.

சுலோசனா


திருப்பதி
18-12-59

அக்கா,

இந்தக் கேள்விய நானும் கேட்டேன். இதே மாதிரிதான் கேட்டேன். வெங்கடராகவன் என்ன அப்பதான் ஒரு மனுசனா பாத்தான்.

கேளு. சல்லடங்கறது பாதி கததான். மீதி பாதி கொழாய். தல மயிர விட சன்னமான கொழாய், ஒரு கிட்னியில லட்சக்கணக்குல கீது. சல்லட இருக்குதே, அது கேள்வி கேக்காம எல்லாத்தையும் வுட்டுடுது. தண்ணி, உப்பு, சக்கர, நல்லது, கெட்டது எல்லாம். ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய அண்டா ரொம்பற அளவு வடியுதாம். அப்படியே வெளிய போனா மதியத்துக்குள்ள நீயும் நானும் கருவாடு. அந்தக் கொழாய்ங்கதான், ஓடற தண்ணியில இருந்து வேணுங்கறத எல்லாம் பொறுக்கி ரத்தத்துக்கே திருப்பிக் குடுக்குதுங்க. ரெண்டு அண்டா உள்ள வடிஞ்சி, கடைசியில நம்ம வெளிய வுடறது ஒரு சொம்பு. யாரு பண்ணுவா இவ்ளோ வேல?

இப்ப உன் பயம். ஒரு கிட்னி போனா மிச்சம் இருக்கறதுல கூட வடியும். வாஸ்தவம். ஆனா கூட வந்தா கொழாய் கூட எடுக்குது அக்கா! இவ்ளோதான் எடுப்பேன்னு கணக்கு பேசறதில்ல. நூத்துக்கு தொண்ணூத்தொம்பதுன்னா, நூத்தம்பது வந்தாலும் அதே மாதிரி வாரி எடுத்துக்குது. ரேணிகுண்டாவுல பெரிய லைன் வண்டியில இருந்து சின்ன லைன் வண்டிக்கு மூட்ட மாத்தற கூலிங்கள பாத்திருக்கல்ல? ஒரே நேரத்துல ரெண்டு வண்டி வந்தா மூட்டைய தரையில போட்டுட்டு ஓடறாங்களா? கை வேகமாவுது. அப்பால ஆளும் சேருது. அதான் இங்கயும். மொதல்ல வேகம், நாள் போவப் போவ கொழாயே நீண்டு தடிச்சிடுது. புதுசா ஒண்ணும் மொளைக்கல. இருக்கறதுங்களே பெரிய மனுசனாயிடுதுங்க.

ரெண்டு கண்ணாடிச் சில்லு வச்சி மைக்ராஸ்கோப்ல காமிச்சான். ஒண்ணு சாதா எலி, ஒண்ணு ஒத்த கிட்னி எலி. ரெண்டாவதுல கொழாய் ஒவ்வொண்ணும் சொவரு தடிச்சி, வாய் அகலமா, பொங்கலுக்கு ஊதின பலூன் மாதிரி. நான் கண்ண எடுக்கல. அவன்தான் தோள தட்டி, "போறும்டா, நேக்கும் கொஞ்சம் மிச்சம் வை"ன்னான்.

"கூட வருதுன்னு அந்தக் கொழாய்க்கு யாரு சாமி சொல்றது?"ன்னு கேட்டேன்.

"அதத்தான்டா நாங்கள்ளாம் தேடிண்டிருக்கோம்"ன்னான். பெரிய படிப்பு படிச்சவனுக்கே தெரியல, கொழாய்க்குத் தெரிஞ்சிருக்குது. எனக்கு அவன் மேலயும் மரியாத வந்துச்சி, கொழாய் மேலயும் வந்துச்சி.

பிள்ள உண்டானா வடியறது பாதி மடங்கு கூடுமாம். ரெண்டு கிட்னி இருக்கறவங்களுக்கும் அப்படித்தான். அதுக்கும் கொழாய் தயார். ஒரு துளி சக்கர வெளிய போவாது, நான் சொல்றேன்.

கடைசி விசயம். அந்தச் சொம்ப தூக்கிப் போடு. தண்ணிய கொறச்சா கிட்னிக்கு ரெஸ்ட்டுன்னு அம்மாவுக்கு யாரு சொன்னது? தண்ணி கொறஞ்சாதான் கொழாய் இன்னும் இஸ்து புழியணும். அதுவும் உன்து கல்லு வந்த ஒடம்பு. தண்ணி ஓடாத எடத்துலதான் கல்லு கட்டும். அம்மா உன்ன காப்பாத்தறேன்னு பன்னெண்டு வருசமா தாகத்துல வச்சிருக்காங்க. நானும் பாத்துக்கினு இருந்தேன், சின்னப்பையன், தெரியல.

இங்க ஒரு பொட்ட எலி ஒத்த கிட்னியோட செனையா கீது. அதுக்கு உன் பேரு வச்சிருக்கேன். கோவிச்சிக்காத.

சிட்டி


நகரி
20-1-1960

சிட்டிக்கு,

எலிக்கு என் பேரா? நீ நேர்ல வா, உனக்கு ஒரு பேரு வக்கறேன்.

தண்ணி குடிக்க ஆரம்பிச்சிட்டேன். ஆனா எப்படி தெரியுமா? திருட்டுத்தனமா. கெணத்துல ஏத்தம் எறைக்கறப்ப வாய்க்கால்ல குனிஞ்சி வயிறு முட்ட குடிச்சேன். கழுத்து வழியா ஜிலுஜிலுன்னு எறங்குது. இவ்ளோ நாளா என் தொண்டைக்கு இது தெரியாதேன்னு அழுகையே வந்துடுச்சி. தலவலின்னு ஒண்ணு தெனமும் சாயங்காலம் வரும், அது என் கூடப் பொறந்ததுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். காணோம்.

பொங்கலன்னிக்கு அத்த பாத்துட்டாங்க. அவ்ளோதான். "வேண்டுதல்ல இருக்கறவ வாய்க்கால்ல வாய வக்கிற? வயித்துல பிள்ளைய வச்சிக்கினு சாமி குத்தம் தேடிக்கிற?"ன்னு ஒரே கத்து. உங்க மாமா நடுவுல வந்து, "தாகம்மா, வுடு"ன்னாரு. "தாகம்னா சொம்புல குடிக்கட்டும்"ன்னாங்க. ஆக சொம்பு திரும்பி வந்துடுச்சி. வாய்க்காலும் நடக்குது. ரெண்டு கணக்கு.

இங்க எல்லாரும் எல்லையப் பத்திதான் பேசறாங்க. திருத்தணி மெட்ராசுக்குப் போவுதாம், நகரி ஆந்திராவுலயே இருக்குதாம். அம்மா வீடு ஒரு ராஜ்ஜியம், மாமியா வீடு ஒரு ராஜ்ஜியம். பிரசவத்துக்கு நான் பாஸ்போர்ட் எடுக்கணுமான்னு உங்க மாமா கிண்டல் பண்றாரு.

மருந்துக்காரி நேத்து தெருவுல பாத்து, "வரேன்னியே?"ன்னா. "வரல"ன்னுட்டேன். வயித்துல மீன் திரும்பற மாதிரி ஒண்ணு திரும்புச்சிடா. அதுக்கப்பறம் எங்க போறது?

சுலோசனா


நகரி
23-2-60

சிட்டி,

எறும்பு வருது.

கொல்லையில நான் ஒண்ணுக்குப் போற எடத்துல. மூணு நாளா பாக்கறேன். வரிசையா வந்து மொய்க்குது. மொதல்ல வேற எதுக்கோ வருதுன்னு நெனச்சி எடத்த மாத்தினேன். அங்கயும் வந்துடுச்சி.

ஒரு துளி சக்கர போவாதுன்னு எழுதியிருந்தியே. போவுதேடா. உன் கொழாய்ங்க கைய வுட்டுடுச்சிங்களா? மண்ணப் போட்டு மூடறேன். அத்த பாத்தா அவ்ளோதான். ராவெல்லாம் தூக்கமில்ல. ஒடனே எழுது.

சு.


திருப்பதி
25-2-60

அக்கா,

கடிதாசிய எடுத்துக்கினு ஓடிப்போயி வெங்கடராகவன் மூஞ்சியில நீட்டினேன். துன்னுக்கினு இருந்தான், தயிர்சாதம். கைய கழுவாமயே படிச்சான். படிச்சிட்டு, "ஒரு துளியும் போகாதுன்னு யார்டா சொன்னா உனக்கு?"ன்னான். நான்தான் சொன்னேன். தப்பு. உப்பு, தண்ணி கத வேற, சக்கர கத வேறன்னு எனக்குத் தெரியாது.

சக்கரைக்கு மட்டும் கூலிங்க எண்ணிக்க கட்டுப்பாடாம். அவங்க எத்தன மூட்ட தூக்க முடியுமோ அத்தனதான். பிள்ள வயித்துல இருக்கறப்ப வண்டி பாதி மடங்கு கூட வருதுல்ல, ஒண்ணு ரெண்டு மூட்ட தவறி ஓடிடுது. அதான் எறும்பு. ரெண்டு கிட்னி இருக்கற பொம்பளைங்களுக்கும் நெறைய பேருக்கு வருமாம். பிரசவம் ஆனா நின்னுடுமாம்.

ஆனா அக்கா, இதுலதான் நான் வாயாடக்கூடாது. நெஜமான சக்கர வியாதியாவும் இருக்கலாம். அதுவா இதுவான்னு எறும்பு சொல்லாது. ரத்தத்த சோதிக்கணும். சித்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போ, லேடி டாக்டரு இருக்காங்க. போனா ஒத்த கிட்னின்னு சொல்லியே ஆவணும். மறச்சிட்டு வந்தா போனதுக்கு அர்த்தமே இல்ல. மாமாவோட போ. மாடு கீடுன்னு ஒளறாத.

அந்த மாட்டுக் கதைய சின்ன வயசுல எத்தன பேர்கிட்ட சொல்ல வச்சாங்க என்ன. கொம்பு எந்தப் பக்கம் வளஞ்சிருந்துச்சின்னு வரைக்கும் சொன்னேன். முனிசாமி ஊரு பேச்சுக்குப் பயந்து அந்த மாட்ட வித்தே போட்டாரு. அது ஒரு ஈக்குக் கூட கெடுதல் பண்ணல.

போ அக்கா. நாளைக்கே.

சிட்டி


நகரி
4-3-60

டேய் தம்பி,

போயிட்டு வந்தேன். உக்காந்து படி.

வண்டியில போறப்ப சொல்லிடலாம்னு பாத்தேன். வாய் வரல. ஆஸ்பத்திரி வாசல்ல சொல்லிடலாம்னு பாத்தேன். அங்க கூட்டம். உள்ள போனதும் டாக்டரம்மா கட்டில்ல படுக்க வச்சி இடுப்பப் பாத்தாங்க.

"இதி ஏமி, என்னா தழும்பு?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தெரைக்கு அந்தப் பக்கம் இருந்து உங்க மாமா, "சின்ன வயசுல மாடு முட்டிச்சிங்கம்மா. முனிசாமி வீட்டு மாடு"ன்னாரு. பெருமையா சொல்றாருடா, நான் பொழச்சி வந்தவன்னு.

டாக்டரம்மா கண்ணாடிய மேல தூக்கிக்கினு, "ஏமய்யா, உங்க ஊர்ல மாடு முட்டிட்டு தையலும் போடுமா? எவ்ளோ நேரா போட்டிருக்குது பாரு!"ன்னாங்க. நர்சு சிரிச்சிட்டா. நான் சிரிக்கல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். தெரைக்கு அந்தப் பக்கம் அவரும் கேட்டுக்கினுதான் இருந்தாரு.

ஒண்ணுக்கு புடிச்சி நீல மருந்துல கொதிக்க வச்சாங்க, லேசா பச்சையாச்சி, கொஞ்சம் சக்கர போவுதுன்னு அர்த்தமாம். ரத்தத்துல சக்கர சரியா இருக்குது. பிரஷரும் சரியா இருக்குது. நீ சொன்ன மாதிரிதான், ஓட்டம் ஜாஸ்தியானதுல தவறிப்போற சக்கரன்னாங்க. "ஒடம்பு ஒரு மாதிரியா இருந்தா ஒடனே வரணும், மாசா மாசம் வரணும், தண்ணி நல்லா குடிக்கணும்"ன்னாங்க. அப்பறம் என் இடுப்புல ஒரு தட்டு தட்டி, "நல்ல கிட்னி. தனியா நின்னு ரெண்டு பேர் வேல பாக்குது"ன்னாங்க. என்ன யாரும் அப்படி புகழ்ந்ததில்லடா. மெட்ரிக் பாஸ் பண்ண மாதிரி இருந்துச்சி.

திரும்பி வர்றப்ப புத்தூர்ல எறங்கி வண்டி மாறணும். உங்க மாமா ஒரு சோடா வாங்கியாந்து கையில குடுத்தாரு. பாதி குடிச்சிட்டு நீட்டினேன்.

"முழுசா குடி"ன்னாரு.

குடிச்சேன். அப்பால கேட்டாரு. "சித்திர வெயில்ல களத்துல நின்னு கடலை அடிச்சியே, அஞ்சு வருசம். தாகத்தோடவா?"

நான் தலைய ஆட்டினேன்.

"பக்கத்துலயே நான் சொம்பு சொம்பா குடிச்சிக்கினு இருந்தேனே"ன்னாரு. ஊரு எல்லையில எறங்கறப்ப, "அந்த மாட்டப் பத்தி நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இனிமே என்னா சொல்றது?"ன்னாரு.

அத்தகிட்ட அவரே சொல்லிட்டாரு. அத்த என்கிட்ட பேசல. சோத்துத் தட்ட மட்டும் டக்குன்னு வக்கிறாங்க. ஆனா தட்டு பக்கத்துல பெரிய செம்பு தண்ணி இருக்குது.

சுலோசனா


திருப்பதி
9-3-60

அக்கா,

உன் கடிதாசிய ரெண்டு தடவ படிச்சேன். மாடு போட்ட தையல வெங்கடராகவன்கிட்ட சொன்னதும் சிரிச்சி சிரிச்சி கண்ணாடிய கழட்டி தொடச்சான்.

இங்க உன் பேருக்காரி ஜனவரியிலயே ஏழு குட்டி போட்டுட்டா. நல்லா கீது, தாயும் குட்டிங்களும். உனக்கு எழுதல, ஒரு எலி பொழச்சதால நீ பொழப்பன்னு சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சி.

ஆனா போன வாரம் வெங்கடராகவன், "அதோட கிட்னிய எடை போடணும்"ன்னான். எடை போடறதுன்னா அறுக்கறது. வேணாம்னேன். "கணக்குல ஒண்ணு கொறையும்டா"ன்னான். மறுநாள் காலைல கூண்டு தொறந்து கெடந்துச்சி. புரொபசர் என்னப் பாத்து, "ஏரா, எலுக ஏதி?"ன்னாரு, எலி எங்கடான்னு. பூன தூக்கிக்கினு போயிடுச்சின்னேன்.

வெங்கடராகவன் என்ன தனியா இட்டுக்கினு போயி, "பூனையா? உங்க குடும்பத்துல வழக்கமா மாடுன்னா சொல்லுவேள்?"ன்னான். அப்பறம் நோட்டுல அந்த எலிக்கு நேரா, தப்பிச்சதுன்னே எழுதிட்டான். பூனைன்னு எழுதல. எனக்காகக் கூட பொய் எழுதமாட்டான். அவன எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது.

எலி என் ரூம்ல கட்டிலுக்கடியில கீது. துன்னுது, குடிக்குது, ராத்திரி என் சட்டைய கடிக்குது.

சிட்டி


நகரி
19-4-60

சிட்டிக்கு,

அத்த பேசிட்டாங்க. என்னா சொன்னாங்க தெரியுமா? "எங்ககிட்ட பொய் சொன்னீங்க, அது மனுசங்க விவகாரம், போவுது. சாமி பேர சொல்லிட்டீங்களே. அவரு அஞ்சு வருசமா இந்த வேண்டுதல நம்பிக்கினு உக்காந்திருக்காரு. அவருக்கு யாரு போயி சொல்றது? முடிச்சி வக்கணும்"ன்னாங்க. வைக்காத வேண்டுதல எப்படி முடிக்கறதுன்னு உங்க மாமா கேட்டதுக்கு, "வாயக் கழுவு, வண்டியக் கட்டு"ன்னு பதில்.

அதனால புது வருசம் பொறந்த வாரம் திருத்தணி போனோம். இப்ப அது மெட்ராசு. வழியில புதுசா ஒரு போர்டு நட்டிருக்காங்க, அவ்ளோதான். அந்தப் பக்கம் மண்ணும் இதே செவப்புதான். மாடுங்க போர்ட படிக்காம ரெண்டு பக்கமும் மேயுதுங்க.

வயிறு பெருசா இருக்குதுன்னு என்ன மலை ஏற வுடல. கொளத்துப் படியில உக்கார வச்சிட்டு அத்தயும் அவரும் ஏறினாங்க. அத்த மடியில அந்தச் சொம்பு. உண்டியல் வாய்க்குள்ள அது போவலயாம். குருக்கள்கிட்ட குடுத்திருக்காங்க. என்னா வேண்டுதல்னு கேட்டாராம். அத்த, "தாகம் தீந்துடுச்சின்னு சொல்லுங்க சாமி"ன்னாங்களாம்.

எறங்கி வந்து இத சொல்றப்ப அத்தைக்கு மூச்சு வாங்குது. நான் என் செம்ப நீட்டினேன். வாங்கிக் குடிச்சாங்க. மிச்சத்த நான் குடிச்சேன்.

நம்ம அம்மாவும் அங்க வந்திருந்தாங்க. நீ எழுதினத சொன்னேன், தண்ணி கொறச்சது தப்புன்னு. அம்மா முந்தானைய வாயில வச்சிக்கினு உக்காந்துட்டாங்க. நீ அவங்களுக்கு ஒரு கடிதாசி எழுது. உன் பாணியில எழுதாத. நல்லபடியா எழுது.

சுலோசனா


திருப்பதி
24-4-60

அக்கா,

அம்மாவுக்கு எழுதிட்டேன். "உங்க பொண்ணோட கிட்னிய சித்தூர் டாக்டரே புகழ்ந்தாங்க, அத பெத்தது நீங்கதான்"னு எழுதினேன். பாணி சரியா இருக்குதா?

இன்டர் பரீட்சைய மறுபடி கட்டச் சொல்லி நீ கேக்கப்போற. கட்டல. வெங்கடராகவன் கண்ணாடிச் சில்லு செய்யறது எப்படின்னு கத்துக் குடுக்கறான். கிட்னித் துண்ட மெழுகுல வச்சி காத்தாடிப் பேப்பர விட சன்னமா சீவணும். என்னால ஒரு எடத்துல உக்கார முடியாதுன்னு சொல்லுவல்ல? காலையில உக்காந்தா மதியம் வரைக்கும் எழுந்திரிக்கல நேத்து. எனக்கே ஆச்சரியம்.

மாசா மாசம் சித்தூர் போறியா? போ.

சிட்டி


திருத்தணி
12-7-60

மாமனாகிவிட்ட சிட்டிபாபுவுக்கு,

பொண்ணு. போன புதன்கிழம. நானும் நல்லா இருக்கேன், அவளும் நல்லா இருக்கா. கத்தற கத்து நகரி வரைக்கும் கேக்கும், ராஜ்ஜியம் தாண்டி.

உங்க மாமா பாக்க வந்தாரு. புது வேட்டி. மடியில வாங்கின ஒடனே நல்லா நனைச்சி வுட்டுட்டா. எல்லாரும் துணி எடுக்க ஓடறாங்க, அவரு அசையவே இல்ல. "இருங்க, இருங்க, போவட்டும்"ங்கறாரு. முடிஞ்சதும் என்னப் பாத்து, "உன் தம்பிக்கு எழுது. ரெண்டு பக்கமும் நல்லா ஓடுதுன்னு எழுது"ன்னாரு. அத்த தலையில அடிச்சிக்கினாங்க.

எலிக்கு என் பேரு வச்சல்ல, இவளுக்குப் பேரு வக்கற வேல உனக்கில்ல. வந்து தூக்கிக் கொஞ்சிட்டு மட்டும் போ. வெங்கடராகவனையும் இட்டுக்கினு வா. அவங்க ஐயங்கார் வீட்டுத் தளிகச் சமையலெல்லாம் நம்மால முடியாது, பழமும் மோரும் குடுக்கறேன்னு சொல்லு.

இன்னிக்குக் காலைல முதமுதலா நானே எழுந்து கொல்லைக்குப் போனேன். போயிட்டு வந்துடல. சொவத்த புடிச்சிக்கினு அங்கயே குந்திக்கினு பாத்தேன். வெயில் ஏறிடுச்சி. அம்மா உள்ள இருந்து, "அங்க இன்னாடி பண்ற?"ன்னு கூப்புடறாங்க.

ஒரு எறும்பு கூட வரலடா.

உன் அக்கா
சுலோசனா